பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேள்

ராசா,

உனக்குப் போன மாதம்தான் ஒரு வயது முடிந்தது. இதை எழுதும்போது நீ என் காலடியில் உட்கார்ந்து எவர்சில்வர் டம்ளரைத் தரையில் தட்டிக்கொண்டிருக்கிறாய். ஆனால் இந்தக் கடிதம் டம்ளர் தட்டுகிற உனக்கு அல்ல. மீசை வைத்து, வேலைக்குப் போய், ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்தப் போகிற உனக்கு. அப்போது நேரிலேயே சொல்லிக்கொள்ளலாமே என்று உன் அப்பா கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். எனக்கு நேரில் சொல்ல வராது என்பது அவருக்குத் தெரியும். அது மட்டுமல்ல. இன்னும் இரண்டு மாதத்தில் எனக்கு இருபது வயதாகிறது. உன்னை நான் இழக்கப் பார்த்தது இப்போது எனக்கு உள்ளது உள்ளபடி நினைவிருக்கிறது. வருடம் போகப் போக நான் அதை எனக்குச் சாதகமாக மாற்றிக்கொள்வேன். அதற்கு முன் எழுதிவிட வேண்டும்.

நான் சின்ன வயதிலிருந்தே வாய் திறக்காதவள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது என் அம்மா தேயிலைச் சரிவில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்தது. ஆறு மாதம் வீட்டில் நின்றேன். அம்மா எழுந்து நடந்த பிறகு நான் பள்ளிக்குத் திரும்பியிருக்கலாம். டீச்சர் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். ஆனால் என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டுமே என்ற வெட்கத்தில், 'வர்றேன் டீச்சர்' என்று சொல்லிவிட்டுப் போகாமலே இருந்துவிட்டேன். 'முடியாது' என்று சொல்லியிருந்தால்கூட அவர் ஏன் என்று கேட்டிருப்பார். 'வர்றேன்' என்று சொன்னதால் நம்பிப் போய்விட்டார். என் வெட்கம் செய்த முதல் தப்பு அது.

அப்புறம்தான் டாக்டரம்மா வீட்டு வேலைக்குப் போனேன். டாக்டரம்மா பிரசவ டாக்டர். ஊர் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை. இரண்டு வருடம் இருந்துவிட்டுப் போகலாம் என்று நம் ஏலப்பாறை மலைக்கு வந்தவர், இருபத்தாறு வருடமாக இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நம் லயத்தில் முக்கால்வாசிப் பிள்ளைகளை அவர்தான் முதலில் கையில் எடுத்தவர். அவர் படித்ததெல்லாம் மலையாளத்தில். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அதனால் அவர் தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது நான் தமிழ்ப் பத்திரிகைகளை வாசித்துக் காட்டுவேன். வாசிக்க மட்டும் எனக்குக் குரல் வரும். அது என் பேச்சு அல்லவே, அதனால்.

டாக்டரம்மாவுக்குக் கான்ஃபரன்ஸ் என்றால் உயிர். பிரசவ டாக்டர்கள் எல்லோரும் ஒரு ஊரில் கூடி, புதிதாக என்ன மருந்து, என்ன ஆபரேஷன் என்று இரண்டு மூன்று நாள் பேசுவார்கள். வருடத்தில் எட்டு, பத்து தடவை போவார். போகிற இடமெல்லாம் ஒரு துணிப்பை கொடுப்பார்கள். கூட்டத்தின் பெயரும் ஊரும் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும். அவ்வளவு பையை ஒரு ஆள் என்ன செய்வது? எல்லாவற்றையும் என்னிடம் தருவார். நான் லயத்தில் கொடுப்பேன். தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிற அக்காமார் அந்தப் பையில்தான் சோற்றுப் பாத்திரத்தைக் கொண்டுபோனார்கள். ஒருமுறை மலைக்கு வந்த வெளியூர் டாக்டர் ஒருவர், தேயிலைக்குள் வரிசையாகப் போகிற பைகளைப் பார்த்துவிட்டு, 'இங்கேயும் கூட்டம் நடந்ததா?' என்று கேட்டாராம்.

பெட்டி கட்டுவது என் வேலை. இரண்டு காட்டன் புடவை, மேடையில் பேசுகிற நாளுக்கு ஒரு பட்டு, லேப்டாப், அதன் வயர், பிரஷர் மாத்திரை, பெரிய மண்டபத்தில் நடக்க மெத்தென்ற செருப்பு. உன் அப்பாவை நான் முதலில் பார்த்ததும் அப்படி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனபோதுதான். டாக்டரம்மாவின் காரை ஓட்டுவது அவர். முதல் நாளே அரை மணி நேரம் பேசினார், நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஆட்டியதிலிருந்தே சம்மதம் என்று தெரிந்துகொண்டதாக இன்றைக்கும் சொல்கிறார். பதினெட்டு முடிந்து இரண்டாம் மாதம் கல்யாணம். சீக்கிரம் என்று டாக்டரம்மா கோபித்துக்கொண்டார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அவரே வந்து புடவை எடுத்துக் கொடுத்தார்.

நீ வயிற்றில் எட்டாம் மாதம் இருந்தபோது பாலக்காட்டில் ஒரு பெரிய கான்ஃபரன்ஸ். எப்போதும் நோயைப் பற்றிப் பேசுகிற டாக்டரம்மாவை அந்த முறை கடைசி நாளில் சந்தோஷமாக வாழ்வதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"நஞ்சுக்கொடியப் பத்திப் பேசச் சொன்னா ரெண்டு மணி நேரம் பேசுவேன் கண்ணு. சந்தோசத்தப் பத்தி நானு என்னத்தப் பேசறது?" என்றார்.

அந்த மாதம் முழுவதும் பார்க்கிறவர்களிடமெல்லாம் 'எப்ப சந்தோசமா இருப்பீங்க?' என்று கேட்டுக்கொண்டிருந்தார். பரிசோதனைக்கு வந்த ஒரு அக்கா, கொழுந்து எடை கூடுதலாக நிற்கிற அன்றைக்கு என்றார். இன்னொருவர், "மாமியா கம்பத்துக்குப் பஸ் ஏறுற அன்னிக்கு டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டு, மாமியார் வெளியே உட்கார்ந்திருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தாராம். உன் அப்பா, "ஏத்தத்துல கியர் மாத்தாம வண்டி ஏறுச்சுன்னா அன்னிக்குப் பூரா சந்தோசந்தான்" என்றார். எல்லாவற்றையும் டாக்டரம்மா ஒரு நோட்டில் எழுதினார். கடைசியில் என்னிடம் கேட்டார். நான் "இருக்கேன்" என்றேன். "அது பதிலா? சரி, அதையும் எழுதிக்கறேன்" என்றார்.

இனி எழுத வேண்டியதுதான் கஷ்டமானது.

அவர் புறப்படுவதற்கு முந்தின நாளிலிருந்து எனக்குத் தலைவலி. சாதாரணத் தலைவலி அல்ல. நெற்றியைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்குவதுபோல. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்தேன். காலையில் கண் முன்னால் சின்னச் சின்னதாக ஏதோ பறந்தது. கொசு என்று நினைத்துக் கையை வீசினேன். கால் செருப்புக்குள் போகவில்லை. பத்து நாளுக்கு முன்புதான் டாக்டரம்மா பிரஷர் பார்த்துச் சரியாக இருக்கிறது என்றார், அதனால் பிரஷராக இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வர வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தும் பெட்டி கட்டப் போனேன். வேறு யார் கட்டினாலும் செருப்பை மறந்துவிடுவார்கள்.

வாசலில் கார் நின்றது. டாக்டரம்மா கையில் பெட்டியோடு படியில் நின்று, "உடம்பு எப்படி இருக்குது கண்ணு? எதாச்சும் இருந்தாச் சொல்லு" என்று கேட்டார்.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. உனக்கும் உன் அத்தைமார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஊருக்குப் புறப்படுகிறவர் காதில் நோவைப் போடக் கூடாது. வாசல்படி தாண்டுகிறவரிடம் 'தலை வலிக்கிறது' என்றால் போகிற காரியம் கெட்டுப்போகும். என் அப்பா கம்பம் சந்தைக்குப் புறப்படும்போது, அம்மா காய்ச்சலோடு எழுந்து வந்து சிரித்த முகமாக நின்றதை நான் பார்த்திருக்கிறேன். டாக்டரம்மா ஒரு மாதமாக அலைந்து தயார் செய்த பேச்சு. நான் ஒரு வார்த்தை சொன்னால் அது கெடும். நான் சொன்னேன்:

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா. நல்லா இருக்கேன். சந்தோசமாப் போயிட்டு வாங்க."

அந்த வார்த்தையைச் சொன்னபோது நீ வயிற்றுக்குள் அசைந்தாய். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் கையை வைத்து உன்னை அமர்த்தினேன்.

கார் போய்விட்டது. குமுளி வழியாகக் கம்பம் இறங்கி, பொள்ளாச்சி போய், கொழிஞ்சாம்பாறையில் அண்ணன் வீட்டில் தங்கிவிட்டுப் பாலக்காடு போவதுதான் டாக்டரம்மாவின் வழக்கம். உன்னைக் காப்பாற்றியது உன் அப்பாவின் வாய். நம் வீட்டில் எல்லோரும் அந்த வாயைக் கேலி செய்வோம். வண்டி ஓட்டும்போது சும்மா இருக்கத் தெரியாது அவருக்கு. குமுளி தாண்டி மலை இறங்கும்போது, சிரிப்பு மூட்டுவதற்காகச் சொல்லியிருக்கிறார்:

"இந்தக் குளிருல கொசு எங்க இருந்து வரும் டாக்டரம்மா? இவ காலையில எந்திரிச்சதுலேருந்து கொசு கொசுன்னு கைய வீசிக்கிட்டே கெடக்கா. எனக்கு ஒண்ணுகூடத் தெரியல."

டாக்டரம்மா நோட்டை மூடிவிட்டார். "தல வலிக்குதுன்னாளா?"

"நேத்து பூரா துணியக் கட்டிக்கிட்டுப் படுத்திருந்தாளே."

"வண்டியத் திருப்பு முருகேசு."

"இங்கன திருப்ப முடியாது டாக்டரம்மா, கொண்டை ஊசி."

"அப்ப முடியற எடத்துக்கு ஓட்டு. நிக்காத."

பிள்ளைத்தாய்ச்சிக்குப் பிரஷர் ஏறினால்தான் தலை அப்படி வலிக்கும், கண்ணில் அப்படிப் பறக்கும் என்று அவருக்குத் தெரியும். வண்டியிலிருந்தே ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் செய்தார். நர்ஸ் அக்கா லயத்துக்கு ஓடி வந்து பிரஷர் பார்த்தார். பார்த்த முகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது. ஜீப்பில் ஏற்றியது வரை தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் எனக்கு வலிப்பு வந்ததாம், அது தெரியாது. கண் விழித்தபோது வயிற்றில் தையல். பக்கத்தில் டாக்டரம்மா, காலையில் நான் மடித்துக் கொடுத்த அதே புடவையில், ரத்தக் கறையோடு. நீ ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம். உன்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். பதினெட்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாய். பதினோராம் நாள்தான் நான் உன்னை முதலில் பார்த்தேன். உன் கை என் பெருவிரல் அளவு இருந்தது. அன்றைக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்டேன். அதையும் மனதுக்குள்தான் கேட்டேன்.

பாலக்காட்டில் டாக்டரம்மாவுக்குப் பதில் வேறு யாரோ பேசினார்கள். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்கவும் இல்லை. ஒரு வருடமாக நாங்கள் இருவரும் அந்தப் படிக்கட்டைப் பற்றிப் பேசவே இல்லை.

இந்த வருடக் கூட்டமும் பாலக்காட்டுப் பக்கம்தான் நடந்தது. போன வருடம் விட்டுப்போன பேச்சை இந்த முறை பேசச் சொல்லி டாக்டரம்மாவைக் கேட்டார்கள். அவர் என்னிடம் வந்து, "நீயும் வாறயா? அன்னிக்கு நடந்ததை நீயே ரெண்டு வார்த்த சொன்னீன்னா டாக்டருங்களுக்கு உதவியா இருக்கும். இஷ்டமில்லீன்னா வேண்டாம்" என்றார். எனக்கு இஷ்டமில்லை. 'வேண்டாம்' என்று சொல்லத் தெரியாததால் 'சரி' என்றேன். பார்த்தாயா, ஒரு வருடம் கழித்தும் நான் அதே ஆள்தான்.

நாம் மூவரும் அவரோடு போனோம். அவ்வளவு பெரிய மண்டபத்தை நான் பார்த்ததில்லை. எல்லோர் கழுத்திலும் அட்டை. எனக்கும் ஒன்று மாட்டினார்கள். என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்தது, உன் அப்பா அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறார். டாக்டரம்மா நோட்டைப் பார்த்துப் பேசினார். கொழுந்து எடை, கம்பத்துப் பஸ், கியர் எல்லாம் சொன்னார். கூட்டம் சிரித்தது. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

மைக் முன்னால் நின்றேன். கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்போது கடைசி வரிசையிலிருந்து நீ வீறிட்டாய். என்னைத் தூரத்தில் பார்த்துவிட்டாய் போல. உன் அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடப் பார்த்தார். டாக்டரம்மா மைக்கை இழுத்து, "முருகேசு, அவன அங்கியே நிறுத்து. அழுவட்டும். இங்க இருக்கறவங்க அத்தன பேரும் இந்தச் சத்தத்துக்குத்தான் பாடுபடறோம்" என்றார். மண்டபமே சிரித்தது. நீ நிறுத்தவில்லை. உனக்கு மேல் கேட்க வேண்டும் என்பதற்காகவே நான் சத்தமாகப் பேச வேண்டியதாயிற்று.

"எனக்குத் தலவலி இருந்துச்சு" என்று ஆரம்பித்தேன். கொசுவைச் சொன்னேன். காலைச் சொன்னேன். புறப்படுகிறவரிடம் நோவு சொல்லக் கூடாது என்பதைச் சொன்னேன். பாதி தமிழ், பாதி மலையாளம். முடித்துவிட்டு இறங்கப் போனபோது முன்வரிசையில் ஒரு இளம் டாக்டர் எழுந்தார். மலையாளத்தில் மரியாதையாகத்தான் கேட்டார்: 'உங்கள் டாக்டர் உடம்பைப் பற்றிக் கேட்டிருக்கிறாரே. இன்னும் எப்படிக் கேட்டிருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீர்கள்?'

அப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. யோசித்திருந்தால் பொய் சொல்லியிருப்பேன். யோசிக்க நேரமில்லை.

"கேட்டது சரிதான் சார். கையில பெட்டி இருந்துச்சு. அதக் கீழ வச்சிட்டுக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்."

யாரும் சிரிக்கவில்லை. நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் உயிரையும் உன் உயிரையும் கொடுத்தவரை, அவருடைய ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் நான் குற்றம் சொல்லிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கைதட்டினார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பும்போது அவர் முன் சீட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கொழிஞ்சாம்பாறையில் அண்ணன் வீட்டில் மதியச் சாப்பாடு என்று ஏற்பாடு. "வேண்டாம், நேரா போ" என்றார். உன் அப்பாகூட வாயை மூடிக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள். நாளையிலிருந்து அவர் வீட்டுக்கு என்னால் போக முடியுமா என்று நினைத்துக்கொண்டு உன்னை இறுக்கிப் பிடித்திருந்தேன். பொள்ளாச்சி தாண்டித் தென்னந்தோப்புகள் வந்தபோது, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"அன்னிக்கு உன்ற காலப் பாத்தேன் கண்ணு."

எனக்குப் புரியவில்லை.

"படியில நின்னயே, அப்பப் பாத்தேன். வீங்கியிருந்துச்சு. பாத்த ஒடனே எனக்குத் தெரியும். வாட்சப் பாத்தேன். வந்து பாத்துக்கலாம்னு வண்டியில ஏறீட்டேன். நீ ஒண்ணுமில்லீன்னு சொன்னது எனக்கு வசதியாப் போச்சு. ஒரு வருசமா இத யாருகிட்டயும் சொல்லுல. இன்னிக்கு மேடையிலயும் சொல்லுல."

ராசா, அப்போது எனக்கு இரக்கம் வந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. வரவில்லை. கோபம் வந்தது. ஒரு வருடமாக உன் தலையைத் தடவும்போதெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். உனக்கு ஒரு தும்மல் வந்தால்கூட என்னால்தான் என்று நினைத்தேன். அதில் பாதியை எடுத்துக்கொள்ள வேண்டியவர் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். வழக்கம்போல 'பரவாயில்ல டாக்டரம்மா' என்று நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டேன்.

"எனக்குக் கோவமா இருக்கு டாக்டரம்மா" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் ஒருவரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. உன் அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இருக்கோணும். இரு" என்றார் டாக்டரம்மா. காரை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் பின் கதவைத் திறந்து நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உன்னைத் தா என்று கேட்கவில்லை, தூக்கவும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். நீயாக அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கப் போய், அப்படியே அவர் மடியில் சரிந்து தூங்கிவிட்டாய். உடுமலை போனது, பழனி போனது. "இன்னும் இருக்குதா?" என்று கேட்டார். "கொஞ்சம் இருக்கு" என்றேன். "சரி. கம்பம் போறவரைக்கும் நேரம் கெடக்குது" என்றார்.

உனக்கு ஒரு நாள் மனைவி வருவாள். என்னைப்போல வாய் பேசாதவளாகவும் இருக்கலாம். 'ஒண்ணுமில்ல' என்று அவள் சொன்னால், உனக்கு அது வசதியாக இருக்கிறதா என்று முதலில் பார். வசதியாக இருந்தால் நம்பாதே. கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து மறுபடி கேள். உனக்கு வலித்தால் நீயும் சொல். கோபம் வந்தால் அதையும் சொல். சொல்லிவிட்டு எழுந்து போகாமல் பக்கத்திலேயே இரு. சந்தோஷத்தைப் பற்றி டாக்டரம்மா மேடையில் நாற்பது நிமிடம் பேசினார், நன்றாகத்தான் பேசினார். ஆனால் எனக்குத் தெரிந்தது அந்தப் பின் சீட்டில் தெரிந்ததுதான்.

குமுளி ஏறும்போது பனி இறங்கிவிட்டது. உன் அப்பா மெல்ல ஒரு பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார். எனக்குள் கோபத்தைத் தேடிப் பார்த்தேன். இருந்தபோது சொன்னேன் அல்லவா, இல்லாதபோதும் சொல்ல வேண்டும். "இப்ப இல்ல டாக்டரம்மா" என்றேன். அவர் உன் தலை சரிந்துவிடாதபடி முழங்கையை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

உன் அம்மா